கையைப் பின்னால் கட்டிய மனிதர்கள்

கம்பம் பள்ளத்தாக்கிலேயே அதிகப் பரிசு வாங்கிய குழந்தை ஓவியர் யார் என்று யாராவது கேட்டால், கூச்சப்படாமல் கையைத் தூக்குவேன். நான்தான். வயது நாற்பத்து நான்கு. முன்மண்டையில் முடி கிடையாது. போன வருடம் வரை ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பிரிவிலும் முதல் பரிசு எனக்கு, இரண்டாம் பரிசு எனக்கு, ஆறுதல் பரிசும் எனக்கே. படத்துக்குக் கீழே மட்டும் வேறு வேறு பிள்ளைகளின் பெயர் இருக்கும்.

உத்தமபாளையம் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் ஓவிய ஆசிரியர். வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட். அதையும் கணக்கு டீச்சர் வாசலில் வந்து நின்று இருமினால் விட்டுக்கொடுத்துவிட வேண்டும். வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் எனக்கு மரியாதை. ஆண்டு விழா அன்று வராந்தா நெடுகக் கயிறு கட்டி, கிளிப் போட்டு, பிள்ளைகளின் படங்களைத் தொங்கவிடுவோம். பெற்றோர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். "எம்பிள்ளையா வரைஞ்சுச்சு இத?" என்பார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் யாரும் அதைச் சந்தேகமாகக் கேட்டதில்லை, பெருமையாகத்தான் கேட்டார்கள். எனக்கும் வசதியாகப் போயிற்று.

அந்த வேலைக்கு எங்கள் பள்ளியில் 'டச் பண்றது' என்று பெயர். பிள்ளைகள் படம் போட்டுக்கொண்டு வருவார்கள். "சார், கொஞ்சம் டச் பண்ணித் தாங்க சார்." நானும் மூக்கை மட்டும் தொடுவேன். மூக்கு சரியானதும் வாய் கோணலாகத் தெரியும். வாயைச் சரிசெய்தால் காது ஒன்று மேலே, ஒன்று கீழே. காதுவரை வந்துவிட்டு வானத்தை அப்படியே விட்டால் நன்றாகவா இருக்கும்? வானமும் முடிந்த பிறகு பார்த்தால், அந்தத் தாளில் பிள்ளை போட்டதாக மிச்சமிருப்பது பெயரும் வகுப்பும்தான். சில சமயம் பெயரையும் கொஞ்சம் அழகாக எழுதிவிடுவேன்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆட்டுக்கு ஏழு கால் போட்டுக்கொண்டு வந்தான். "ஏன்டா ஏழு?" என்றேன். "ஓடுது சார்" என்றான். மூன்று காலை அழித்தேன். ஆடு நின்றுவிட்டது. இன்னொரு பிள்ளை தாள் முழுக்கக் கறுப்பு அடித்து, 'கரண்ட் போனபோது எங்கள் வீடு' என்று எழுதியிருந்தது. நான் அதில் நிலா, குடிசை, இரண்டு தென்னை எல்லாம் சேர்த்துக் கரண்ட் கொடுத்துவிட்டேன். பரிசு கிடைத்தது.

எல்லாம் வரையத் தெரிந்தவன் மாதிரிப் பேசுகிறேன். ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கை வரையத் தெரியாது. முகம் வரும், மாடு வரும், தேர் வரும், தேர்ச் சக்கரத்தின் ஆரக்கால்கூட வரும். மனிதக் கை மட்டும் வராது. விரல் போட்டால் வாழைச்சீப்பு மாதிரி ஆகிவிடும். கட்டைவிரல் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு தடவையும் என் கையையே திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்; அப்போதும் தப்பாகத்தான் வரும். ஓவியத் தேர்வில் நான் பாஸானது எப்படி என்று கேட்காதீர்கள். மேசைமேல் ஒரு கூஜாவை வைத்து வரையச் சொன்னார்கள். கூஜாவுக்குக் கைப்பிடி உண்டு, விரல் கிடையாது.

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். என் படத்தில் எல்லோரும் கையைப் பின்னால் கட்டியிருப்பார்கள். உழவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏர் தானாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பொங்கல் பானை முன்னால் நிற்பாள். போக்குவரத்துக் காவலர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடுரோட்டில் நிற்பார். வண்டிகள் தங்கள் நல்ல புத்தியால் போய்க்கொண்டிருக்கும். பதினோரு வருடத்தில் இது பிள்ளைகளுக்கும் தொற்றிவிட்டது. எங்கள் பள்ளியில் எந்தப் பிள்ளையிடம் ஓர் ஆளை வரையச் சொன்னாலும், திருவிழாவில் சாமி புறப்பாடு தாமதமாகிறதே என்று பார்த்துக்கொண்டு நிற்கிறவர் மாதிரி ஓர் ஆள் வருவார்.

இந்தத் தொற்று அண்டாத ஒரே பிள்ளை, போன வருடம் ஆறாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். மற்றவர்கள் ஒரு கோடு போட்டுவிட்டு "சார், சரியா?" என்று கேட்பார்கள். அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு வரைவாள். மணி அடித்தாலும் நாக்கு உள்ளே போகாது. அவளுடைய கிரேயான் பெட்டியில் நீலம் நகத்தளவு தேய்ந்திருக்கும். பச்சை, கடையில் வாங்கியபோது இருந்த உயரத்திலேயே இருக்கும். இதை நான் கவனித்திருக்கிறேன். கவனித்துவிட்டு, சரி, வானம் நிறைய வரைகிற பிள்ளைபோல என்று முடிவு செய்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

மாவட்ட அளவில் ஒரு ஓவியப் போட்டிக்குப் படம் கேட்டிருந்தார்கள். தலைப்பு 'எங்கள் ஊர்'. வகுப்பில் வரையச் சொன்னேன். எல்லோரும் கோபுரம், பஸ், கைகட்டிய மனிதர்கள். இவள் திராட்சைத் தோட்டம் வரைந்திருந்தாள். மேலே பந்தல். பந்தலில் கொடி. கொடியில் இலை. இலை முழுக்க வெளிறிய நீலம். பந்தலுக்குக் கீழே தலையில் துண்டு கட்டிய ஆட்கள், எல்லோரும் கையை மேலே தூக்கியிருந்தார்கள். கை ஒவ்வொன்றும் ஆளைவிடப் பெரிசு. கையும் நீலம்.

நான் அந்தத் தாளைத் தூக்கி வகுப்புக்குக் காட்டினேன். "இலைக்கு என்ன கலர்?" என்று கேட்டேன்.

"பச்ச்ச்சை!" என்றது வகுப்பு.

"சார், அது வந்து..." என்று அவள் எழுந்தாள்.

"வந்தும் இல்ல, போயும் இல்ல. உக்காரு. சார் டச் பண்ணித் தர்றேன்."

வீட்டுக்கு எடுத்துப் போய் போஸ்டர் கலரை வைத்துத் தொட்டேன். இலையெல்லாம் பச்சையாயிற்று. குலையெல்லாம் கருநீலமாகத் திரண்டு, ஒவ்வொரு பழத்துக்கும் ஒரு வெள்ளைப் புள்ளி பளபளத்தது. மேலே தூக்கிய கைகளை என்ன செய்வது? பந்தலோடு சேர்த்துப் பச்சை அடித்து மறைத்துவிட்டு, ஆட்களுக்கு வேறு கை போட்டேன். பின்னால் கட்டிய கை. திராட்சைப் பந்தலுக்குக் கீழே ஆறு பேர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள். என் மனைவி பார்த்துவிட்டு, "இவுகள்லாம் யாருங்க, நெலம் அளக்க வந்த ஆபீசருகளா?" என்று கேட்டாள். கலை தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. படம் தேர்வாகிவிட்டது. இறுதிச் சுற்று தேனியில். அங்கே நடுவர்கள் முன்னிலையில் அதே தலைப்பில் பிள்ளை நேரில் வரைய வேண்டும்.

முதல் பாதியைப் படித்தபோது பூரித்தேன். இரண்டாம் பாதியைப் படித்தபோது தண்ணீர் குடித்தேன்.

தலைமையாசிரியை காலைக் கூட்டத்திலேயே அறிவித்துவிட்டார். "நம்ம ஸ்கூல்ல இருந்து மொதத் தடவையா தேனிக்கு வரச் சொல்லியிருக்காக. எல்லாரும் கை தட்டுங்க." எல்லோரும் தட்டினார்கள். அவளை முன்னால் வந்து நிற்கச் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பிள்ளை கூச்சப்படுகிறது என்று தலைமையாசிரியை சொன்னார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மதியம் அவளைக் கூப்பிட்டு, "தேனிக்குப் போறோம்ல? அந்தப் படத்தையே நாலு தடவ போட்டுப் பழகிக்க" என்றேன்.

"அத நான் வரையலயே சார்" என்றாள். கோபமே இல்லை. பென்சில் யாருடையது என்று கேட்டால் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "நீங்கதேன வரைஞ்சீக. அப்ப நீங்க போங்க சார் தேனிக்கு."

சிரித்து மழுப்பினேன். அடுத்த வாரம் அவளுடைய தாள் வெறும் தாளாக வந்தது. பெயரும் வகுப்பும் மட்டும் இருந்தன.

"என்னம்மா, ஒண்ணும் வரையல?"

"எப்டியும் நீங்கதேன் வரையப் போறீக. அதேன் எடம் விட்டு வச்சிருக்கேன்."

அதற்கடுத்த வாரமும் வெறும் தாள். கிரேயான் பெட்டியைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள். நாக்கு உள்ளேயே இருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, கணக்குப் பீரியடில் உட்கார்ந்திருப்பது மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

தேனியில் குட்டு உடைந்தால் மானம் போகும் என்ற பயம் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்கு நான் பழகியவன். பழகாதது இது: பதினோரு வருடத்தில் நான் தொட்ட படங்களைப் பற்றி அதுவரை ஒரு பிள்ளையும் "ஏன் தொட்டாய்" என்று கேட்டதில்லை. ஒருத்தி கேட்டாள். கேட்டுவிட்டு வரைவதையே விட்டுவிட்டாள். பிள்ளைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுக்கச் சம்பளம் வாங்குகிறவன், இருந்த ஒரே ஓவியரை நிறுத்திவிட்டேன். ஏழுகால் ஆட்டை நிறுத்தியது மாதிரி.

சனிக்கிழமை அவள் அப்பாவைப் பார்க்கக் கிளம்பினேன். தோட்டத்தில் இருப்பார் என்றார்கள். இங்கே என் பூர்வீகத்தைச் சொல்ல வேண்டும். நான் ஆண்டிபட்டிக்காரன். எங்கள் பக்கம் மழை வந்தால் சோளம், வராவிட்டால் தறி. மனைவியின் வேலை மாற்றலில் இந்தப் பக்கம் வந்தவன். திராட்சையை எனக்குத் தள்ளுவண்டியில் தெரியும், கிலோவில் தெரியும். தோட்டத்தைப் பஸ் ஜன்னல் வழியாகத் தெரியும், அதுவும் விழித்திருந்தால். உள்ளே போனதில்லை.

"வாங்க சார், குனிஞ்சு வாங்க" என்று பந்தலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

குனிந்து போனேன். போதுமான அளவு குனியவில்லை. தலை பந்தலில் இடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு மேலே, கண்ணுக்கு எட்டிய வரைக்கும், இலை முழுக்க வெளிறிய நீலம்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். வாய் திறந்திருந்தது என்று பிறகு அந்தப் பிள்ளை சொன்னாள்.

"என்னங்க இது?"

"மருந்து சார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து நேத்துத்தேன் அடிச்சோம். மழைக்கு முந்தி அடிக்கலைண்டா இலை பூராம் கருகிப்போகும்" என்றார் அவள் அப்பா. ஒல்லியான மனிதர். தலையில் துண்டு. பேசும்போதே இரண்டு கையையும் மேலே தூக்கிக் கொடியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். எல்லோருடைய கையும் மேலேதான். பந்தலில் வேலை என்றால் கை மேலேதான் இருக்க வேண்டும் என்பது, அடியில் நின்று பார்த்தால் யாருக்கும் புரியும். கை நீலம். நகக்கண் நீலம். ரேகைகூட நீலம்.

அவள் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து ஒரு ஓரமாக நின்றாள்.

"இலை நீலம்னு நீ சொல்லவே இல்லயேம்மா?"

"சொல்ல வந்தேன். வந்தும் இல்ல போயும் இல்லண்டு உக்காரச் சொல்லிட்டீக."

"எத்தன வருசமா சார் நம்மூர்ல இருக்கீக?" என்று அப்பா கேட்டார்.

"பதினோரு வருசம்."

"பெறந்தது?"

"ஆண்டிபட்டி."

"அதேன்" என்றார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை அவருக்கு. பின்னால் இருந்தவர்களும் "அதேன், அதேன்" என்றார்கள்.

பிறகு தயக்கத்தோடு கேட்டார்: "அனுப்புறதுக்கு முந்தி படத்த ஸ்கூல்ல காட்டுனாக சார். நல்லாத்தேன் இருந்துச்சு. ஆனா அதுல நாங்க பூராப் பேரும் கையப் பின்னால கட்டிட்டு நிக்கிறமே. என்னா சார் விசயம்? மொதலாளி வந்துட்டாகளா?"

பந்தலுக்குக் கீழே சிரிப்பு கிளம்பியது. நானும் சேர்ந்து சிரித்தேன்; தனியாக நிற்பதைவிட அது மேல். சிரித்து முடித்ததும், "படத்துல இருக்கவங்களுக்கு நான் கை போடல. எனக்குக் கை போட வராது" என்றேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக அதை வெளியே சொன்னேன். அதுவும் கம்பியைக் கட்டிக்கொண்டிருந்த பத்துக் கைகளுக்கு முன்னால்.

அவள் என்னைப் புதிதாகப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள். "கை லேசுதேன சார்" என்றாள்.

"உனக்கு லேசு. தேனிக்கு வா. வந்து நீயே போடு. நான் தொட மாட்டேன்."

"பக்கத்துல வரக்கூடாது."

"வர மாட்டேன்."

"பென்சில், ரப்பர், பெயிண்டு எதும் எடுத்துட்டு வரக்கூடாது. நான் சோதன போடுவேன்."

"ஏத்தா, வாத்தியார்ட்ட பேசுற பேச்சா இது?" என்று அப்பா அதட்டினார்.

"பேசட்டுங்க" என்றேன்.

"வாரேன்" என்றாள். ஒரு நிமிடம் கழித்து, "வரைவேனாண்டு தெரியாது" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனபோது மனைவி என் தலையைப் பார்த்துவிட்டு, இருக்கிற நாலு முடிக்கு நீலச் சாயம் எதற்கு என்று கேட்டாள். இலையைப் பற்றிச் சொன்னேன். "இதுகூடத் தெரியாதாக்கும்?" என்றாள். அவளும் வெளியூர்தான். ஆனால் பஸ்ஸில் தூங்க மாட்டாள்.

போட்டி நாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் சொன்னபடியே சோதனை நடந்தது. சட்டைப் பையில் ஒரு ரப்பர் துண்டு கிடைத்தது. பழக்கத்தில் போட்டது, சத்தியமாகத் தெரியாது என்றேன். பறிமுதல் செய்து அவள் அப்பாவிடம் கொடுத்தாள். அவரும் அதை மடித்துக்கட்டிய வேட்டியில் பத்திரமாக முடிந்துகொண்டார். மூன்று பேரும் சின்னமனூர் வழியாகத் தேனி போய்ச் சேர்ந்தோம்.

ஒரு மண்டபத்தில் போட்டி. தரையில் வரிசையாகப் பிள்ளைகள். ஆளுக்கு ஒரு தாள், ஒரு புதுக் கிரேயான் பெட்டி. ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் உள்ளே அனுமதி இல்லை. ஜன்னல்களுக்கு வெளியே எங்களைப் போல நிறையப் பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் இரண்டாவது ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெட்டியைத் திறக்கவில்லை.

பத்து நிமிடம் போயிற்று. மற்றப் பிள்ளைகள் கோபுரத்தின் உச்சிக்கே ஏறிவிட்டார்கள். இவள் தாளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. அவள் அப்பா, "பிடிவாதக்காரி சார், அவ ஆத்தா மாதிரி" என்று முணுமுணுத்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பரிசு, மானம் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. ஒரு கோடு போட்டால் போதும் என்று இருந்தது. ஒரே ஒரு கோடு, எந்தக் கலராவது.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கையையும் ஜன்னல் கம்பிக்குள் விட்டு, "நான் வெளியதான் இருக்கேன், கை இங்கதான் இருக்கு, கையில ஒண்ணும் இல்ல" என்று விரித்துக் காட்டினேன். கண்டக்டரிடம் பாஸ் இல்லை என்று காட்டுகிறவன் மாதிரி இருந்திருப்பேன். அவள் என் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். விரல் விரலாகப் பார்த்தாள் என்றுகூடச் சொல்வேன். பிறகு பெட்டியைத் திறந்தாள். நாக்கு வெளியே வந்தது.

நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்துகிறவனாக இருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா? பந்தல் போட்டாள், நீல இலை போட்டாள், நன்றாகத்தான் இருந்தது. ஆட்களுக்குத் தோளிலிருந்து கையை மேலே இழுத்ததும் எனக்குப் பழைய வியாதி வந்துவிட்டது. நடுவர்கள் முதல் படத்தோடு ஒப்பிடுவார்களே என்ற பயம். என்னையும் அறியாமல் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கையைப் பின்னால் கட்டிக் காட்டினேன். இப்படிப் போடு, இப்படி.

"என்னா சார், யாருக்குச் சைகை காட்டுறீக?" என்று ஒரு தொண்டர் என் சட்டைக் காலரைப் பிடித்தார். ஜன்னல் ஓரத்திலிருந்து என்னை அப்புறப்படுத்தினார்கள். போகிற போக்கில் உள்ளே எட்டிப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டே பெரிய பெரிய கைகளாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

முடிந்த பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். நடுவர் அம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் இரண்டு படங்கள். பச்சைத் தோட்டம் ஒன்று, நீலத் தோட்டம் ஒன்று. அவள் பக்கத்தில் நின்றாள்.

"ரெண்டும் ஒரே பிள்ளை வரைஞ்சதா சார்?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். 'ஆமாம்' என்று சொன்னால் ஏதோ ஒரு பரிசு தேறும் என்று தோன்றியது. நடுவர் அம்மாவின் குரலில் அதற்கு இடம் இருந்தது. ஆனால் தேறுவது அந்தப் பச்சைத் தோட்டத்துக்குத் தேறும். பிறகு வெறும் தாள்தான் எனக்கு வந்துகொண்டிருக்கும், பெயரும் வகுப்பும் மட்டும் போட்டு.

"மொத படம் நான் வரைஞ்சதுங்க மேடம்" என்றேன்.

"எவ்வளவு?"

"பேரத் தவிர எல்லாம்." தொண்டையைச் செருமினேன். "பேரும் கொஞ்சம்."

அவர் கண்ணாடியை இறக்கி என்னை முழுசாகப் பார்த்தார். "அப்ப இந்தப் பிள்ளைய நான் எடுத்துக்க முடியாதே சார். மொத சுத்துப் படம் அவளது இல்லைனா விதிப்படி அவ வெளிய."

"தெரியுதுங்க."

"சரி, இதுல இலை ஏன் நீலமா இருக்கு?"

எனக்குத் திடீரென்று நெஞ்சு நிமிர்ந்தது. "மேடம், அது என்னன்னா, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்து..." என்று பரம்பரை விவசாயி மாதிரி ஆரம்பித்தேன்.

"சார், நானே சொல்றேன்" என்றாள் அவள். சொன்னாள். மருந்து, மழை, பந்தல், மேலே தூக்கிய கை, எல்லாம். நடுவர் அம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கையில பட்ட நீலம் கழுவுனா போகாதா?"

"ஞாயித்துக்கெழம போகும் மேடம். திங்கக்கெழம திரும்ப வந்துரும்."

பரிசு இல்லை. கலந்துகொண்டதற்கு ஆளுக்கொரு சான்றிதழும், அந்தக் கிரேயான் பெட்டியும் கிடைத்தன. திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் சீட்டு. அவள் அப்பா வீரபாண்டி தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். நான் பின் சீட்டில் இருந்தேன். பக்கத்தில் வரக்கூடாது என்பது இன்னும் அமலில் இருந்தது. வருத்தப்படுகிறாளோ என்று கழுத்தை நீட்டிப் பார்த்தேன். சான்றிதழைத் திருப்பி, அதன் வெள்ளைப் பக்கத்தில் வரைந்துகொண்டிருந்தாள். பஸ் குலுங்கக் குலுங்கக் கோடு போட்டாள்.

சின்னமனூரில் அப்பா விழித்தார். "ஏத்தா! சர்ட்டிபிகேட்டுலயா கிறுக்குற?"

"அந்தப் பக்கந்தேன்ப்பா சர்ட்டிபிகேட்டு. இந்தப் பக்கம் சும்மாதேன் கெடக்கு."

முடித்துவிட்டுப் பின்னால் நீட்டினாள். "பாத்துட்டுக் குடுத்துறணும்" என்றாள்.

ஒரு ஜன்னல். ஜன்னல் கம்பிக்குள் மாட்டிக்கொண்ட ஓர் ஆள். வழுக்கை. முட்டைக் கண். காலரைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுக்கிறார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் இரண்டு கை, ஒவ்வொன்றும் முறம் அளவு, விரலெல்லாம் விரிந்து. நான்தான். என்னை யாரும் அவ்வளவு சரியாகப் பார்த்ததில்லை. என் மனைவிகூட.

விரலை எண்ணினேன். வாத்தியார் புத்தி. "ஏம்மா, இந்தக் கையில ஆறு விரல் இருக்கு."

"அந்தக் கையில நாலுதேன் இருக்கு சார். கூட்டிப் பாருங்க, பத்து."

கணக்கு டீச்சரிடம் சொல்ல வேண்டிய பதில்.

திங்கட்கிழமை தலைமையாசிரியையிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். வேலையைவிட்டுப் போகச் சொல்வார் என்று எதிர்பார்த்து, பஸ் டைம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். அவர் நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "எனக்குத் தெரியாதுண்டா நெனச்சீக? எம்பேரன் நம்ம ஸ்கூல்ல வரைஞ்ச படம் வீட்டுல மாட்டியிருக்கு. கல்யாணப் படம். மாப்பிள்ள கையப் பின்னால கட்டியிருக்காரு, தாலி தரையில கெடக்கு" என்றார். பிறகு நிமிர்ந்து, "இந்த வருசம் நீங்க எதையும் தொடக்கூடாது. அசிங்கமா இருந்தாலும் சரி" என்றார்.

அசிங்கமாகத்தான் இருந்தது. ஆண்டு விழா அன்று வராந்தாக் கயிற்றில் எட்டுக்கால் மாடு, தலைகீழ் பஸ், வாலில் கண் வைத்த மயில் எல்லாம் தொங்கின. கறுப்புத் தாள் ஒன்று சும்மா கறுப்பாகவே தொங்கியது. "டிராயிங் மாஸ்டரு நீண்ட லீவுல போயிட்டாகளோ?" என்று ஒருவர் என்னிடமே விசாரித்தார். ஆமாம் என்றேன்.

நடுவில் அவளுடைய அந்தச் சான்றிதழ்ப் படம். எல்லோரும் அங்கேதான் நின்று சிரித்தார்கள். வழுக்கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஓர் அம்மா மட்டும் விரலை எண்ணிவிட்டார். "சார், ஒரு கையில ஆறு வெரலுல்ல இருக்கு? தொங்கவிடுறதுக்கு முந்தி நீங்க லேசா ஒரு டச் பண்ணியிருக்கலாம்ல?" என்றார்.

நியாயமான கேள்வி. ஆறாவது விரலுக்கு ஒரே ஒரு வெள்ளைக் கோடு போதும். அந்தப் பக்கம் ஒரு விரல் சேர்த்தால் முடிந்தது. யாருக்கும் தெரியாது. என் வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது; அங்கே பேனா இருந்தது.

எதிர்த்தூணில் சாய்ந்துகொண்டு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையிலிருந்து கையை எடுத்தேன். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டு நின்றேன்.

"சார், அப்டியே நில்லுங்க. அசையாதீக" என்று சொல்லிவிட்டு, அவள் தூணடியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள்.

மூக்கு அரித்தது. கையை எடுக்கவில்லை.